திட்டு வாங்காதவள்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் செலினை முந்திரிக் கொல்லையில் ஒரு மரத்தடியில் நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்கு வந்துவிட்டேன். பாவம், ஒரு வாரமாக அந்த வெயிலில் நிற்கிறாள். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து படிப்பவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

செலினுக்கு வயது பதினைந்து. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கடலுக்கு அப்பால் சைகோன் பட்டணத்தில். அவளுடைய அப்பா பிலவேந்திரன் நம் ஆண்டிமடம் பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளை. புதுச்சேரிச் சாமியார் ஒருவர் கூட்டிக்கொண்டு போய்ப் படிக்க வைத்தார். பிரெஞ்சுக்காரன் கச்சேரியில் உத்தியோகம் கிடைத்தது, கப்பலேறினார், கோட்டு மாட்டிக்கொண்டார். அம்மா ஒர்த்தான்ஸ் புதுச்சேரியில் பெரிய வீட்டுப் பெண். அவர்கள் வீட்டில் பேச்சு, பாட்டு, ஜெபம் எல்லாமே பிரெஞ்சு.

உலகச் சண்டை முடிந்து மூவரும் புதுச்சேரிக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் பிலவேந்திரனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. அதோடு, இத்தனை வருஷமாகப் பேசிய பிரெஞ்சும் போய்விட்டது. மிஞ்சியது மாடு மேய்த்த காலத்துத் தமிழ் மட்டும்தான். அந்தத் தமிழில் ஒரு சொல்கூடப் பெற்ற மகளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவள் கிட்டே போனாலே அவர் கத்துவார். சாப்பாட்டுத் தட்டை இடது கையால் அவள் பக்கம் தள்ளுவார். “பசாசே, தின்னுத் தொலை” என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று செலின் அம்மாவைக் கேட்டாள். சின்ன வயதில் வேலைக்காரர்களிடம் கேட்ட தமிழ் ஒர்த்தான்ஸ் அம்மாளுக்கு இன்னும் மறக்கவில்லை. ரொம்ப நேரம் தயங்கிவிட்டுச் சொன்னாள். பேயே, தின்றுவிட்டு ஒழிந்து போ என்கிறார் உன் அப்பா.

நாம் அவருக்கு வேண்டாம், நாம் பிரான்சுக்குப் போய்விடலாம், அங்கே உன் மாமா இருக்கிறார், அப்பாவைக் கன்னியாஸ்திரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒர்த்தான்ஸ் அம்மாள் முடிவு செய்துவிட்டாள். செலின் மட்டும் மசியவில்லை. அப்பா என்ன சொல்கிறார் என்பதை நானே என் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும், லீவு முடிகிறவரை விடு, அவர் போகத்தான் சொல்கிறார் என்றால் வாயைத் திறக்காமல் கப்பலேறி விடுகிறேன் என்று கெஞ்சினாள். ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரி ஒருத்தியின் தயவால் அப்பா பிறந்த சீமைக்கே, வரதராசன்பேட்டைப் பக்கம் முந்திரிக் கொல்லை வைத்திருக்கிற மரிய செல்வம் வீட்டுக்குத் தமிழ் கற்க வந்து சேர்ந்தாள்.

நமக்குச் சுதந்திரம் வந்து இது முதல் கோடை. புதுச்சேரியோ இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில். எல்லையில் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வரவேண்டும். பெற்ற தகப்பனின் ஊருக்கு அந்தப் பெண் வெளிநாட்டுக்காரியாக வந்தாள். நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. போகட்டும், கதைக்கு வருகிறேன்.

தமிழ் கற்க வந்த பெண்ணுக்கு அந்த வீட்டில் கிடைத்தது என்ன தெரியுமா? மரியாதை.

மரிய செல்வத்தின் மனைவி மதலேனம்மாளை உங்களுக்குத் தெரியும். அவள் கொல்லையில் நின்று கூப்பிட்டால் ஆண்டிமடம் பஸ்ஸே நிற்கும் என்று தெருவில் சொல்வார்கள். வாய்க்குச் சுங்கம் கிடையாது. அப்படிப்பட்டவள், கப்பலில் வந்த பிள்ளை என்று செலினைப் பார்த்த நிமிஷத்திலிருந்து பூனையாகிவிட்டாள். வாங்க, உக்காருங்க, சாப்புடுங்க, தூங்குங்க. இந்த நாலு வார்த்தைக்கு மேல் ஐந்தாவது வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. வீட்டில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட, செலினுக்கு மட்டும் சாமியார் பங்களாவிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலி. கூடவே ஒரு முள்கரண்டி. அதைக் கொண்டு கேப்பைக் களியை என்ன செய்வது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கும் தெரியவில்லை.

தெருவுக்கே மதலேனம்மாள் உத்தரவு போட்டிருந்தாள். யாராவது வாய்ச்சண்டை போட வேண்டியிருந்தால் ஏரிக்கரைக்குப் போய்ப் போட்டுவிட்டு வரவேண்டும். அந்தப் பிள்ளை காதில் ஒரு கெட்ட சொல் விழக்கூடாது. பெண்டுகளும் அப்படியே செய்தார்கள். முறைத்தபடியே இரண்டு பேர் ஒன்றாக ஏரிக்கரைக்கு நடப்பதையும், முகம் சிவந்து திரும்பி வருவதையும் செலின் பார்ப்பாள். அது ஏதோ மாலை ஜெபத்துக்குப் போகிற வழக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

மதலேனம்மாளின் மகள் மரிய புஷ்பம்தான் ரொம்பக் கஷ்டப்பட்டாள். பதின்மூன்று வயதுப் பெண். காலையில் எழுந்து பாய் சுருட்டுவதற்குள் திட்டு வாங்கிப் பழகியவள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்மேல் கோபமா, இல்லை உனக்கு உடம்பு சரியில்லையா என்று அம்மாவை அடுப்படியில் மடக்கிக் கேட்டேவிட்டாள்.

செலினோ, அப்பா ஆஸ்பத்திரியில் கத்திய சொல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டே திரிந்தாள். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மதலேனம்மாளிடம் கேட்டாள். தின்னுத் தொலை என்றால் என்ன அத்தை? மதலேனம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். அதெல்லாம் கெட்ட பேச்சு, உங்களுக்கு வேண்டாங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவ்வளவுதான். அம்மா சொன்னது நிஜம் என்று செலின் அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். லீவு முடிய இன்னும் நாள் இருந்தது. ஆனால் அவளுக்கு முடிந்துவிட்டது.

இனி அந்த மரத்தடி.

கொட்டை பொறுக்கும் காலம். விடிந்ததும் மரிய செல்வம் வண்டி கட்டிக்கொண்டு ஆண்டிமடம் போய்விட்டார். மதலேனம்மாள் கொல்லை ஓரத்தில் சட்டியை வைத்துக் கொட்டை சுட்டுக்கொண்டிருந்தாள். கறுப்புப் புகை. அந்தப் பக்கம் போகாதீங்க, கண்ணு எரியும் என்று செலினிடம் கைகூப்பாத குறையாகச் சொல்லியிருந்தாள். புஷ்பமும் செலினும் உள்ளே தள்ளி, பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சைகோனில் முந்திரிப் பருப்பு டப்பாவில் வரும். உப்புப் போட்டு வறுத்து, வெள்ளைக்கார வீடுகளில் கிண்ணத்தில் வைப்பார்கள். அதுதான் செலினுக்குத் தெரிந்த முந்திரி. அது மரத்தில் காய்க்கும் என்றே அவள் நினைத்ததில்லை. இங்கே பார்த்தால் செம்மண் தரையைத் தொடுகிற மாதிரி கிளைகள் தாழ்ந்து கிடக்கின்றன. உள்ளே குனிந்து போனால் ஒரு கூடம் மாதிரி நிழல். தலைக்கு மேல் மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள். ஒவ்வொரு பழத்துக்கும் அடியில், வெளியே, தனியாகத் தொங்குகிறது கொட்டை.

அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. விதையைப் பழத்துக்கு வெளியே தொங்கவிட யாருக்குத் தோன்றும்? அப்படியே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் நீங்களும் அந்த மரத்துக்கு அடியில் ஆயிரம் தடவை போயிருப்போம். ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்திருப்போமா? அந்தப் பெண் பிளந்தாள். பிளந்த வாயில் ஒரு பச்சைக் கொட்டையை வைத்து, பல்லுக்கிடையில் கொடுத்து நறுக்கென்று கடித்தாள்.

உள்ளே பருப்பு இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஓட்டில் இருக்கிற பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்று தெரியாது. நம் பக்கத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. தவழுகிற பிள்ளைகூடச் சுடாத கொட்டையை வாயில் வைக்காது. நெருப்பு சுடும் என்று விருந்தாளியிடம் யாராவது சொல்வார்களா? அப்படித்தான் இதுவும் விட்டுப்போயிற்று.

அவள் போட்ட அலறலில் மரத்திலிருந்த கிளிகள் கிளம்பிவிட்டன. புஷ்பம் அம்மா என்று கத்திக்கொண்டு ஓடினாள். மதலேனம்மாள் கையில் கரண்டியோடு, முகமெல்லாம் கரியாக ஓடி வந்தாள். செலினின் உதட்டைப் பார்த்தாள். கடித்துப் போட்ட கொட்டையைப் பார்த்தாள்.

அத்தனை நாளாகக் கட்டி வைத்திருந்த வாய் அந்த நிமிஷம் அறுத்துக்கொண்டது.

“அடி பசாசே, என்னடி பண்ணித் தொலைச்ச? துப்புடி, துப்பு, முழுங்கிடாத. பச்சக் கொட்டைய எவளாவது வாயில வைப்பாளாடி? மாடு மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போற சாமான நீ கடிக்கிறியே, ஒனக்கு அறிவுன்னு ஒண்ணு ஆண்டவர் வெச்சாரா இல்லியா? எங் கொல்லையில வந்து வாய வேக வெச்சுக்கிறதுக்காடி கப்பலேறி வந்த? ஒங்கப்பனுக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன், எருமக் கழுத.”

சொல்லிக்கொண்டே முந்தானையால் அவள் உதட்டைத் துடைத்தாள். துடைத்த முந்தானையைக் கிழித்து எறிந்தாள். எண்ணெய் கொண்டுவர புஷ்பத்தை விரட்டினாள். பார்த்துக்கொண்டா நின்றாய் என்று அவளுக்கும் ஒரு பங்கு கொடுத்தாள். வாய் நிற்கவில்லை. கையும் நிற்கவில்லை.

செலினுக்கு எரிச்சலில் உயிர் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அழுகையை நிறுத்திவிட்டு மதலேனம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏனென்றால் அத்தனையும் புரிந்தது. குளத்தில் குளித்தால் காதில் தண்ணீர் அடைத்துக்கொண்டு, பிறகு திடீரென்று சூடாக வெளியே வருமே, அந்த மாதிரி. இத்தனை நாள் இந்த ஊர்ப் பேச்சு அவளைச் சுற்றி வெறும் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. மாடு தெரிந்தது, கப்பல் தெரிந்தது, அப்பன் தெரிந்தது. எருமை எது, கழுதை எது என்று தெரிந்தது. தெரியாத சொல்கூடத் தெரிந்த சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. இதை எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிகிறது. ஒரு பாஷை ஒரு மனுஷிக்குள் குடிவருகிற நேரத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

அது மட்டுமில்லை. அவள் பதிலும் சொன்னாள்.

“நீங்க சொல்லல. எனக்கு ஒருத்தரும் சொல்லல. சாப்புடுங்க, சாப்புடுங்கன்னு மட்டும்தான் சொன்னீங்க.”

“எதுத்தா பேசுற?” என்று மதலேனம்மாள் கையை ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த புஷ்பத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளுக்கு அப்புறம் அம்மாவின் குரலைக் கேட்ட சந்தோஷம் அவளுக்கு. மதலேனம்மாள் குரலைத் தாழ்த்தி, தெரியாமப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க என்று ஆரம்பித்தாள்.

“வேணாம் அத்தை. இப்ப திட்டுன மாதிரியே பேசுங்க,” என்றாள் செலின்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உதடு வீங்கிவிட்டது. மதலேனம்மாள் அவளை நாற்காலியில் உட்கார விடவில்லை. அடுப்படித் தரையில் தன் எதிரில் இருத்தி, உதட்டில் தேங்காயெண்ணெய் தடவினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பிள்ளை. பழைய சோற்றைக் கையாலேயே குழைத்து, தயிரை ஊற்றி, உப்பில்லாமல், உதட்டில் படாமல் வாய்க்குள் ஊட்டினாள். இரண்டு வாய்க்கு மேல் செலின் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“மொகத்த அங்க இங்க ஆட்டாதடி. வெறும் வயித்துல கெடந்தா மயக்கம் வரும். முழுங்கித் தொலையேன், பசாசே.”

செலின் தலையை இந்தப் பக்கம் திருப்பினாள். மதலேனம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அதில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சோற்றை ஏந்தி நிற்கிற கையைப் பார்த்தாள்.

“அத்தை, நீங்க இப்ப என்னைப் போகச் சொல்றீங்களா?”

மதலேனம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. “எங்கடி போவ, இந்த வாயோட? போகச் சொல்றவதான் குந்தி ஒக்காந்து ஊட்டிக்கிட்டு இருக்கறாளா?”

அதற்குப் பிறகுதான் செலின் எல்லாவற்றையும் சொன்னாள். எரிகிற வாயோடு, தப்பும் தவறுமாக, நடுவில் சொல் கிடைக்காதபோது கையால் காட்டிச் சொன்னாள். கட்டில், தட்டு, இடது கை. அப்பா தனக்கு வந்த சாப்பாட்டில் பாதியைத் தொடாமல் வைத்திருப்பார். அவள் வந்ததும் தட்டை அவள் பக்கம் தள்ளுவார். தள்ளிவிட்டுக் கத்துவார். அவள் தட்டைத் தொடாமல் நிற்பாள். அவர் மறுபடி கத்துவார், கண்ணில் தண்ணீர் வரக் கத்துவார். அவள் பயந்து வெளியே ஓடிவிடுவாள். ஒரு நாள் இல்லை, போன நாளெல்லாம் இப்படித்தான் நடந்தது.

கேட்கக் கேட்க மதலேனம்மாள் சோற்றுக் கையோடு தலையில் அடித்துக்கொண்டாள். அடக் கடவுளே, அந்த மனுஷன் தன் பங்குச் சோற்றை மகளுக்கு எடுத்து வைத்துவிட்டு அவள் சாப்பிட மாட்டேன் என்கிறாளே என்று தவித்திருக்கிறான். இந்தப் பிள்ளை ஓடி ஓடிப் போயிருக்கிறது.

“போகச் சொல்றதுன்னா மரியாதையாத்தாண்டி சொல்லுவோம். போயிட்டு வாங்கன்னு வாசல் வரைக்கும் வந்து சொல்லுவோம். சொந்தமில்லாத ஆளுக்குத்தான் மரியாத. பெத்த புள்ளைக்கு யாருடி மரியாத குடுப்பா?”

நம் ஊரில் நடக்கிற எல்லாத் திட்டும் பாசம்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. திட்டியே பெண்டாட்டியைக் குழிக்குள் இறக்கியவர்களும் இந்தத் தாலுகாவில் இருக்கிறார்கள். அவர்கள் வாசலில் போய் நான் இதைச் சொன்னால் எனக்குச் செருப்படி விழும், விழவேண்டும். வாய் திட்டுகிறபோது கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிலவேந்திரனுக்கு மிஞ்சியிருந்தது ஒரு கை. அது சோற்றை நகர்த்திக்கொண்டிருந்தது.

செலின் சிரித்தாள். சிரித்தால் உதடு வெடித்து எரிகிறது, எரிந்தால் அழுகை வருகிறது, மறுபடி சிரிப்பு வருகிறது. அப்பா என்னைப் போகச் சொல்லவில்லை, சாப்பிடச் சொன்னார் என்று புஷ்பத்தைக் கட்டிக்கொண்டு தமிழிலேயே சொன்னாள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நாளைக்கே புதுச்சேரிக்குப் போகவேண்டும், போய் அந்தத் தட்டில் இருப்பதை மிச்சம் வைக்காமல் தின்னவேண்டும் என்றாள். மதலேனம்மாள் மீதிச் சோற்றை ஊட்டி முடித்தாள். இந்தத் தடவை செலின் முகத்தைத் திருப்பவில்லை.

வாசலில் மாட்டு மணி கேட்டது அப்போதுதான்.

மரிய செல்வம் வந்துவிட்டார் என்று புஷ்பம் எட்டிப் பார்த்தாள். அவர் வண்டியின் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். வண்டிக்குள் குடையும் தொப்பியுமாக ஒர்த்தான்ஸ் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வண்டியை ஓட்டியது பக்கத்து வீட்டு வைத்திலிங்கம். கப்பல் முன்கூட்டியே புறப்படுகிறதாம், மகளைக் கையோடு அழைத்துப்போக வந்தாளாம். விருத்தாசலத்தில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து ஆண்டிமடம் வந்து, கடைத்தெருவில் வழி கேட்டுக்கொண்டு நின்றவளை மரிய செல்வம் பார்த்திருக்கிறார். அவள் எதிரில் சரிசமமாக உட்காரக் கூச்சப்பட்டு, கூட வந்திருந்த வைத்திலிங்கத்தை ஓட்டச் சொல்லிவிட்டு அவர் ஆண்டிமடத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

ஒர்த்தான்ஸ் அம்மாள் இறங்கினாள். மகள் வாசலுக்கு ஓடி வந்தாள். வீங்கிய உதடு, எண்ணெய் வழிகிற முகம், கன்னத்தில் சோறு. அம்மாவுக்கு ரத்தமே சுண்டிப்போயிற்று. உன்னை யார் இப்படிச் செய்தது என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“ஒண்ணும் இல்ல மமான். அத்தை என்னைத் திட்டுனாங்க,” என்றாள் செலின், தமிழில், பூரித்துப் போய்.

மரிய செல்வத்துக்கு மயக்கமே வந்துவிட்டது. திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

ஒர்த்தான்ஸ் அம்மாள் அசந்துபோய் நின்றாள். கோடைத் தொடக்கத்தில் தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாத பெண், ஆற்று வெள்ளமாகப் பேசுகிறாள். அந்த ஊர்க்காரி மாதிரியே இழுத்துப் பேசுகிறாள். கண்ணை மூடிக் கேட்டால் அது பிலவேந்திரனின் பேச்சு. தட்டையும் கையையும் சோற்றையும் பற்றிச் செலின் ஒன்று விடாமல் சொன்னாள். நீ என்னிடம் பொய் சொன்னாயா மமான் என்றும் கேட்டாள்.

இத்தனை வாரமாக ஒர்த்தான்ஸ் அம்மாளை வில்லி மாதிரி உங்களுக்குக் காட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அவள் பொய் சொல்லவில்லை. அவள் பிறந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டியதில்லை. வேலைக்காரியைக்கூடக் கண்ணால்தான் கண்டிப்பார்கள். சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தமோ அதுதான் அர்த்தம் என்று வளர்ந்தவள். கணவன் சொன்னதைச் சொன்னபடியே மகளிடம் பிரெஞ்சில் சொன்னாள், அதைச் சொன்ன அன்றைக்கு அவளும் தூங்கவில்லை.

அவள் மதலேனம்மாள் பக்கம் திரும்பினாள். பல வருஷமாகத் தொடாத தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். என் மகள் சொல்வது நிஜமா, உங்கள் ஊரில் அப்படித்தானா என்று கேட்டாள்.

மதலேனம்மாள் என்ன செய்வாள்? கலங்கி நிற்கிற தாய்க்கு ஆறுதல் சொல்லுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே பெண்ணிடம் சொன்னதையே இங்கேயும் சொன்னாள். ஆமாங்கம்மா, நீங்க ஒண்ணும் மனசு ஒடையாதீங்க, அவரு மகமேல உசுராத்தான் இருக்காரு. எங்க பக்கத்துல பெத்த புள்ளைகிட்ட, கட்டுனவகிட்ட எல்லாம் யாரும் மரியாத பேச மாட்டோங்க. வெளி ஆளுகளுக்குத்தாங்க மரியாத.

ஒர்த்தான்ஸ் அம்மாள் மகள் தலையில் கை வைத்தாள். நீ போகவேண்டாம், அப்பாவிடமே இரு என்றாள். செலின் அவளைக் கட்டிக்கொண்டாள். புஷ்பம் கைதட்டினாள். மரிய செல்வம் சிலுவை போட்டுக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் இந்த வாரத்துக்கு இங்கேயே நான் முடித்திருக்கலாம்.

ஆனால் ஒர்த்தான்ஸ் அம்மாள் வீட்டுக்குள் வரவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளை அணைத்திருந்த கை தானாகக் கழன்றது.

“நான் ஆஸ்பத்திரிக்குப் போனா அவர் என்ன செய்வார் தெரியுமா?” என்றாள். யாரிடம் கேட்டாள் என்று சொல்ல முடியாது. “எந்திரிக்கப் பாப்பார். முடியாது, ஆனாலும் பாப்பார். வாங்க, உக்காருங்கன்னு சொல்லுவார். இத்தனை வருஷத்துல என்னை ஒரு வார்த்தை கடிஞ்சி பேசினதில்ல. சைகோன்ல எல்லாரும் என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டாங்க. எவ்வளவு மரியாதை, எவ்வளவு மரியாதைன்னு.”

மதலேனம்மாளுக்கு விளங்கிவிட்டது. சொன்ன சொல்லைத் திரும்ப அள்ளி வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியுமா? அப்படியில்லீங்கம்மா, நான் சொன்னது அந்த அர்த்தத்துல இல்லீங்க என்று தடுமாறினாள். அதையும் மரியாதையாகத்தான் சொன்னாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

செலின் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பெரிய வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்ட மாடு மேய்த்த பையனையும், அம்மா எதிரில் வரும்போதெல்லாம் அவன் எழுந்து நின்ற இத்தனை வருஷங்களையும் அவள் அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தாள். புதிதாக வந்த தமிழில் அதற்குச் சொல்ல ஒரு சொல் இல்லை. பிரெஞ்சிலும் இல்லை.

வண்டியை என்ன செய்வதென்று வைத்திலிங்கத்துக்குத் தெரியவில்லை. மாட்டை அவிழ்க்கட்டுமா, இல்லை கடைசி பஸ்ஸுக்கு அம்மாவைத் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டுமா என்று கேட்டார்.

ஒர்த்தான்ஸ் அம்மாள் தொப்பியைக் கழற்றி வண்டியில் வைத்தாள். மகளிடம், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, தமிழிலேயே கேட்டாள்.

“அவர் என்னைத் திட்டணும்னா, நான் என்ன செய்யணும் செலின்?”